பழைய ப்ரஸ்ஸிங்கா, ரீஇஷ்யூவா: நெல்லைப் பக்கம் வினைல் சேக்கிறவங்களுக்கு எது சரி?

கொக்கிரகுளம்33
ராக், ஜாஸ், ஃபங்க், சோல்னு நாலுலயும் வினைல் சேக்க ஆரம்பிக்கேன். மாசம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல ஒதுக்க முடியாது. பாட்டு வந்த காலத்துலயே அடிச்ச முதல் ப்ரஸ்ஸிங்கா தேடணுமா, பின்னால மறுபடி வெளியிட்ட புது ரீஇஷ்யூ போதுமா? டர்ன்டேபிள் இன்னும் இல்லை. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரங்க பழைய பெல்ட் டிரைவ் ஒண்ணு கொண்டு வாறாங்க.

பாளை_அனலாக்
பழசைத் தேடுங்க தம்பி. காரணம் சொல்லுதேன். பாட்டு பதிவான மூல டேப்புக்கும் வயசாகுது. அதுல உள்ள ஒலியை மூலத் தட்டுல காடியா (ஊசி ஓடுற பள்ளமா) கீறுறதைத்தான் வெட்டுறதும்பாங்க. பாட்டு பதிவான காலத்துலயே வெட்டின தட்டுல அன்னைக்கு டேப் இருந்த நிலை அப்படியே பதிஞ்சிருக்கு. லெட் செப்பலினோட இரண்டாவது ஆல்பத்தை எடுத்துக்கிடுங்க. 1969-ல அமெரிக்காவுல வந்த முதல் ப்ரஸ்ஸிங்கை வெட்டினது ராபர்ட் லட்விக். பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னால வெறும் இடம் இருக்கே, அந்த டெட் வாக்ஸ்ல 'ஆர்எல்'னு கீறியிருப்பார். மலிவான பிளேயர்ல ஊசி துள்ளுற அளவுக்கு பாஸ் இருந்ததால அதை நிறுத்திட்டு, சத்தம் குறைச்சு மறுபடி வெட்டுனாங்க. அந்த முதல் வெட்டுல இருக்கிற வேகம் பின்னால வந்ததுல வராது.

ஜாஸ்ல ப்ளூ நோட் கம்பெனித் தட்டுன்னா டெட் வாக்ஸ்ல ஒலிப்பதிவாளர் வான் கெல்டரோட முத்திரை இருக்கான்னு பாக்கணும். பக்கத்துல காது மாதிரி சின்னக் குறி இருந்தா அது ப்ளாஸ்டிலைட் ஆலையில அடிச்சது, 1966 வரைக்கும் உள்ள சரக்கு.

ஜங்ஷன்_ஊசி
அண்ணாச்சி சொல்லுதது சரக்கைப் பத்தி சரி. விலையைப் பத்திப் பேசவே இல்லையே? அந்தக் காதுக்குறி ப்ளூ நோட் நல்ல நிலையில கிடைச்சா பத்தாயிரக் கணக்குல போகும். ஐயாயிரத்துக்குக் கிடைக்கிறது தேய்ஞ்ச தட்டாத்தான் இருக்கும். ப்ளூ நோட்டே 2019-ல தொடங்கின டோன் போயட்ங்கிற ரீஇஷ்யூ வரிசையில மாஸ்டரிங் இன்ஜினியர் கெவின் கிரே மூல அனலாக் டேப்புல இருந்தே வெட்டுதார். அது இந்த பட்ஜெட்டுக்குள்ள வரும்.

முதல்ல வந்ததுதான் சரியானதுங்கிறதும் எப்பவும் உண்மை இல்லை. மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல வந்தது. பதிவு பண்ணுன டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடினதால, சரியான வேகத்துல ஓட்டினப்போ முதல் பக்கம் முழுக்க சுருதி தூக்கலா வந்துட்டு. 1992 ரீஇஷ்யூவுலதான் திருத்துனாங்க. நடுவுல வந்த முப்பத்திச் சொச்சம் வருஷத்துத் தட்டுல எல்லாம் அந்தப் பிழை இருக்கு.

அதை விட முக்கியம், பழைய தட்டை இதுக்கு முன்ன எதுல போட்டாங்கங்கிறது. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்கள்ல செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி மாட்டுற தலை), சஃபையர் ஊசி, அஞ்சாறு கிராம் பாரம். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. டியூப் லைட்டுக்குக் கீழ பளபளன்னு இருக்கும், கடைசிப் பாட்டுல சாக்ஸபோன் கிழியும். ஏன் கடைசிப் பாட்டுன்னா, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து ஓடுற எல்பியில (பெரிய தட்டு) வெளி ஓரத்துல காடி நொடிக்கு 51 செ.மீ. வேகத்துல ஊசிக்கு அடியில போகுது. உள் ஓரத்துல அது 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கி வெட்டியிருக்கும், தேய்மானம் முதல்ல அங்கதான் கேக்கும்.

பாளை_அனலாக்
ரீஇஷ்யூவை ரொம்ப நம்பாதீய. மொபைல் ஃபிடலிட்டிங்கிற ரீஇஷ்யூ கம்பெனி தன்னோட பல தட்டுக்கு நடுவுல டிஜிட்டல் கோப்பு வச்சு வெட்டுனது 2022-லதான் வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் வாங்குனவங்க அத்தனை பேரும் முழுக்க அனலாக்னு நினைச்சுத்தான் காசு குடுத்தாங்க. தட்டு 180 கிராம் கனம்ங்கிறதும் தரத்துக்குச் சான்று இல்லை. காடியோட ஆழத்துக்கும் தட்டோட கனத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

புதுசுலயும் பழுது வரும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல 'சர்ர்'னு கிழியுற சத்தம் வந்தா, அச்சுல வினைல் முழுசா நிறையலை. கழுவினாலும் போகாது, திருப்பி அனுப்பிருங்க. பியானோ நீள ஸ்வரம் நெளிஞ்சா நடு ஓட்டை தள்ளிப் போயிருக்கு. ஊசித் தலையைப் பக்கவாட்டுல கவனிச்சா இடம் வலமா ஆடுறது தெரியும்.

நம்ம பக்கம் பழைய சாமான் கடையில ராக் எல்பி கிடைச்சா பெரும்பாலும் கல்கத்தா டம்டம்ல கிராமபோன் கம்பெனி அடிச்சதா இருக்கும். அதுல பலதுலயும் இங்கிலாந்து இஎம்ஐ கம்பெனியோட மேட்ரிக்ஸ் நம்பரே (எந்த வெட்டுன்னு காட்டுற நம்பர்) டெட் வாக்ஸ்ல இருக்கும். அதாவது வெட்டு லண்டன்ல ஆனது. அதை விட்டுட்டு வெளிநாட்டுத் தபாலுக்கும் சுங்கத்துக்கும் காசு கட்டாதீய.

ஜங்ஷன்_ஊசி
வெட்டு லண்டன்தான், வினைல் டம்டம் அண்ணாச்சி! அமைதியான ஜாஸ் பாட்டுல பின்னணி இரைச்சல் தனியா நிக்கும். ராக்குன்னா வாங்கலாம், அதுல உங்களோட ஒத்துப்போறேன். பியானோ ட்ரியோவுக்கு வேண்டவே வேண்டாம்.

அம்பை_ஃபங்க்
நீங்க ரெண்டு பேரும் எல்பியிலயே நிக்கிய. சோலும் ஃபங்க்கும் பாதிக்கு மேல 7 அங்குல 45-லதான் (நிமிஷத்துக்கு 45 சுத்து ஓடுற சின்னத் தட்டு) வாழுது. அமெரிக்க 45-கள்ல நிறைய வினைலே இல்லை, ஸ்டைரீன்ங்கிற வேற பிளாஸ்டிக். கையில எடுத்தா கனம் இருக்காது, லேபிள் மேல ஒட்டினாப்புல இருக்கும், விரலால தட்டினா 'டக்'னு வறட்டுச் சத்தம். தேய்ஞ்ச ஊசி சில தடவை ஓடினாலே அதுல இரைச்சல் ஏறிரும், அப்புறம் எந்தக் கழுவலுக்கும் இறங்காது. வளைச்சா உடையும். ஆல்கஹால் படவே கூடாது. கடையில 'விஜி பிளஸ்'னு (நல்ல நிலைன்னு) போட்டிருந்தாலும் ஸ்டைரீன்னா ஓட்டிக் கேக்காம காசு குடுக்காதீய. நடு ஓட்டை 38 மி.மீ. இருக்கும், அடாப்டர் தனியா வேணும்.

ஃபங்க்ல டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற இடத்தை டிஜேக்கள் திருப்பித் திருப்பி ஓட்டியிருப்பாங்க. காடி அந்த ஒரு இடத்துல மட்டும் சாம்பல் பூத்திருக்கும். அப்படி இருந்தா விட்டுருங்க, அந்த இடத்துக்காகத்தானே தட்டையே வாங்குதோம்.

ஸ்டாக்ஸ் கம்பெனி சோல் பாட்டு தேடினா ஒண்ணு தெரியணும். 1968 வரைக்கும் வந்த பாட்டுகளோட மாஸ்டர் டேப் அட்லாண்டிக் கம்பெனி கைக்குப் போயிட்டு. அதுக்குப் பொறவு உள்ளது ஃபேண்டஸி, பின்னால கான்கார்ட். அதனால ஒரே பாடகருக்கு ரெண்டு கம்பெனி ரீஇஷ்யூ இருக்கும். 1968-க்கு முந்தினதை அட்லாண்டிக் பக்கம் தேடுங்க.

கொக்கிரகுளம்33
அமெரிக்க டர்ன்டேபிளுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வச்சா போதுமா? கழுவ வீட்டு ஆர்.ஓ. தண்ணி ஆகுமா?

ஜங்ஷன்_ஊசி
டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது. அங்க 60, நமக்கு 50. மோட்டார் ஏசி சிங்க்ரனஸ், அதாவது ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் மாறுற வகைன்னா 33⅓ சுத்து 27.8 ஆகும். பாட்டு மூணு ஸ்வரஸ்தானம் இறங்கிக் கேக்கும். மோட்டார் புல்லியை 1.2 மடங்கு விட்டமா கடைஞ்சு போடணும், லேத்துல துல்லியமா வரலைன்னா பாட்டு ஆடும். டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவோ இருந்தா இந்தத் தொல்லை இல்லை. கொண்டு வாறதுக்கு முன்ன மோட்டார் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

ஊசிக்கு ஆடியோ டெக்னிகாவோட ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் போதும், 2 கிராம் பாரம், 300 மணி நேரம் உழைக்கும். அதே உடம்புல மைக்ரோலீனியர்ங்கிற நுணுக்கமான முனை ஊசியை மாட்டினா 1000 மணி நேரம், உள் ஓரத்து ஒலியும் சுத்தமாகும். ஒரு மாசத் தட்டை விட்டுட்டு அதை வாங்குங்க.

ஆர்.ஓ. தண்ணியிலயும் உப்பு மிச்சம் இருக்கும், போர் தண்ணியைக் கேக்கவே வேண்டாம். காஞ்சதும் காடிக்குள்ள படிஞ்சு பட்பட்னு வெடிக்கும். சீல் வச்ச கேன்ல டிஸ்டில்டு வாட்டர் வாங்கி டிடிஎஸ் மீட்டர்ல 0 பக்கம் காட்டுதான்னு பாருங்க. 800 மில்லிக்கு 200 மில்லி ஐசோப்ரொபைல் ஆல்கஹால், வாசனை இல்லாத சோப்புத் திரவம் மூணு சொட்டு. காடி போற வாக்குல துடைச்சு, வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல அலசணும். அலசாம விட்டா சோப்பு ஊசியில திரளும். 78 சுத்துத் தட்டுல இதை ஊத்தாதீங்க, அரக்கு கரைஞ்சிரும்.

அம்பை_ஃபங்க்
சித்திரை வெயில்ல தட்டை வண்டிக்குள்ள அஞ்சு நிமிஷம்கூட வைக்காதீய, கிண்ணமா வளைஞ்சிரும். அலமாரியில நேரா நிறுத்தணும், மேற்குச் சுவரைத் தவிர்க்கணும். நூறு எல்பி கவரோட 25 கிலோ பக்கம் வரும், பலகை தாங்குமான்னு பாத்துக்கிடுங்க. பிவிசி உறை வேண்டாம், தட்டுல புகை படிஞ்ச மாதிரி மங்கல் ஏறும்.

பாளை_அனலாக்
ஐப்பசி அடைமழையில கவர்ல பூஞ்சை வந்தா ஃபேன் காத்துல விரிச்சுப் போடுங்க, வெயில்ல வேண்டாம். ஊசி தம்பி சொன்ன தேய்மானத்தை நான் மறுக்கலை. அதுக்காகப் பழசையே ஒதுக்கச் சொல்லுததை ஒத்துக்கிட மாட்டேன். விக்கிறவங்ககிட்ட ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசி ரெண்டு நிமிஷத்தைப் பதிவு பண்ணி வாங்குங்க, டெட் வாக்ஸ் படமும் கேளுங்க. ரெண்டும் தராதவங்ககிட்ட வாங்காதீய.

ஜங்ஷன்_ஊசி
பதிவு எந்த ஊசியில எடுத்ததுன்னும் கேளுங்க. கோன் (கூம்பு முனை) ஊசியில எடுத்ததா இருந்தா மைக்ரோலீனியர்ல கேக்கும்போது வேற மாதிரி வரும்.