பட்டாளத்துச் சாமி வீடு திரும்பியபோது: நம்மவர் அனுபவங்கள்

திருக்கோவிலிலிருந்து:

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நம் கிழக்குக் கரைக்கு வந்த வெளிநாட்டுப் படையினரைப் பற்றி இங்கே பலர் எழுதிவிட்டீர்கள். தண்ணீர் தந்தது, காயத்துக்கு மருந்து கட்டியது, ஆற்றைக் கடத்திவிட்டது எல்லாம் வாசித்தேன். அவர்களோடு வந்த மதகுருவைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன் நான். அவர் ஊருக்குப் போக ஆயத்தமான கடைசி நாட்களை எழுத வேண்டும் என்று கன காலமாக நினைத்திருந்தேன்.

2005 ஜனவரியில் கனடாப் படையின் அனர்த்த உதவிப் பிரிவு அம்பாறைக்கு வந்தது. 'டார்ட்' என்றால் பலருக்கு ஞாபகம் வரும். ஏறத்தாழ 200 பேர். அம்பாறைக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த சீனித் தொழிற்சாலையில் முகாம் போட்டார்கள். காலையில் அங்கிருந்து மருத்துவக் குழுக்கள் கரையோரத்துக்கு இறங்கும். கிட்டத்தட்ட 40 நாளில் 7,500 பேருக்கு மேல் மருந்து பார்த்தார்கள், 35 லட்சம் லீற்றர் அளவில் குடிதண்ணீர் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். கரையோரத்துக் கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்த நேரத்தில் அந்தத் தண்ணீருக்கு என்ன விலை என்று நமக்குத்தான் தெரியும்.

பாதருடைய வேலை இந்தக் கணக்கு எதிலும் வராது.

அவருக்கும் மற்றவர்களைப் போலவே படைச் சீருடை. கழுத்துப் பட்டையில் சின்னச் சிலுவை. துவக்கு மட்டும் இல்லை. படையோடு போகும் மதகுருமார் போரிடாதவர்கள், 1949 ஜெனீவா உடன்படிக்கையே அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது என்பதும், அவர்களுக்குப் பதவி இருந்தாலும் யாருக்கும் கட்டளையிட மாட்டார்கள் என்பதும், ஒரு சிப்பாய் வந்து மனம் விட்டுச் சொன்னது மேலதிகாரி காதுக்குப் போகாது என்பதும் நான் பிறகு அறிந்தவை. நம்முடைய சனம் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. சீருடையைக் கண்டால் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகிற ஊர் அல்லவா? தம்பிலுவில் பக்கம் பள்ளிக்கூடத்து முகாமில் ஒரு ஆச்சி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: "இவருட கையில துவக்கு இல்லையா மனே?" இல்லை, இவர் சாமி என்றேன். "அப்ப இங்கால வந்து இரிக்கச் சொல்லு." அதற்குப் பிறகு அவர் எல்லோருக்கும் பட்டாளத்துச் சாமிதான்.

அவர் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார். பாயில் சம்மணம் போட்டு உட்காரக் கஷ்டப்படுவார், ஆனாலும் உட்காருவார். மதம் மாற்றுகிற பேச்சு ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நான் முதல் ஆளாக எழுந்து போயிருப்பேன்.

டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. முப்பத்தோராம் நாள் ஜனவரி 25, தைப்பூசம். அதுவும் பௌர்ணமி. ஒரு பறுவத்திலிருந்து அடுத்த பறுவம் வரை நாம் எப்படி இருந்தோம் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து அன்று கடற்கரையில் கிரியை செய்தார்கள். பாதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் நின்றார். ஐயர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, "அது என்ன, பெயர்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி பிறந்ததும் திரும்பும் ஆயத்தம் தொடங்கியது. நான் நினைத்திருந்தது பெட்டி கட்டுவது, கூடாரம் கழற்றுவது, லொறியில் ஏற்றுவது. அதுவும் நடந்தது. ஆனால் ஒரு பின்னேரம் தொழிற்சாலைக் கொட்டகைக்குள் பாதர் இருபது வயதுப் பொடியன்கள் கொஞ்சப் பேரை இருத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். வாகனத்துக்குக் காத்திருந்த எனக்கும் கேட்டது. எங்கள் அப்பா, மாமாமார் மத்திய கிழக்கிலிருந்து வீடு வரும்போது யாராவது இதை அவர்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும் என்று அன்று முழுக்க நினைத்தேன்.

நீ இல்லாமலும் உன் வீடு நடந்திருக்கிறது. போன அன்றைக்கே அதிகாரம் பண்ணத் தொடங்காதே. பிள்ளை உன்னிடம் வராமல் தாய்க்குப் பின்னால் ஒளிந்தால் இழுக்காதே, காத்திரு. இங்கே பார்த்ததை முதல் இரவே முழுதாகக் கொட்டிவிடாதே, முழுதாகப் பூட்டியும் வைக்காதே. சின்னப் பிள்ளைகளின் சப்பாத்தைக் கண்டால் உனக்கு ஏதோ செய்யலாம், அப்போது ஒளித்துக்கொள்ளாமல் ஒருவரிடம் சொல். அவர் சொன்னதன் சாரம் இதுதான். கடைசி வசனத்தில் ஒரு பொடியன் எழுந்து வெளியே போனான். பாதரும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் பின்னால் போய்விட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

வரும் வழியில் கேட்டேன், உங்களுக்கு யார் இப்படிச் சொல்லுவார்கள் என்று. ஊரில் இன்னொரு பாதர் இருக்கிறார், அவரிடம் போவேன் என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, தன் தேவாலயத்தில் சனம் "எப்படி இருந்தது?" என்று கேட்கும், இரண்டு நிமிடத்தில் பதில் எதிர்பார்க்கும், அதற்குத்தான் பயமாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் ஒரு கொப்பியோடு வந்தார். விரும்புகிறவர்கள் இறந்தவர்களின் பெயரைத் தரட்டும், ஊரில் அதை வாசிப்பேன், எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு அதுதான் என் பதில் என்றார்.

பிறகு நாங்கள் முகாம் முகாமாகப் போனோம். போன இடமெல்லாம் முதலில் அவர் சொன்னது ஒன்றுதான்: நாங்கள் இன்ன நாளில் போகிறோம், அதற்குப் பிறகு தண்ணீரும் மருந்தும் இன்னாரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் எத்தனை குழுக்கள் வந்தன! பல குழுக்கள் ஒரு காலையில் கூடாரத்தோடு காணாமல் போயின. பத்து நிமிடத்தில் வீட்டில் நாலு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் கடல் கொண்டுபோன சனத்திடம், வந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டு போன மனிதர் அவர். உதவி செய்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய முதல் பாடம் இது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

பெயர்கள் வந்தன. கோவில்காரர், வேதக்காரர் (கிறிஸ்தவர்கள்) எல்லோரும் தந்தார்கள். மருதமுனையிலிருந்து உறவினரைத் தேடி வந்திருந்த ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்), "நாங்க துஆ கேட்டுட்டுத்தான் இரிக்கிறம், நீங்களும் சொல்லுங்க" என்று தன் மூன்று பிள்ளைகளின் பெயரைத் தந்தார். நான் ஆங்கில எழுத்தில் எழுதுவேன், பாதர் ஜீப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவார்.

ஒருவர் தரவில்லை. "என்ட புள்ளைட பேர என்னத்துக்கு அங்க கொண்டு போறீங்க?" என்று கத்தினார். பாதர் கொப்பியை மூடி என்னிடம் தந்துவிட்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. எழும்பும்போது அந்த மனிதர் அவர் கையைப் பிடித்தார். பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. அதுவும் அவருடைய உரிமைதான்.

டொரன்டோவிலிருந்து:

அண்ணா, கொட்டகைக்குள் சொன்ன விஷயங்களை வாசித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் குடும்பம் களுவாஞ்சிக்குடி. தம்பி இங்கே பிறந்தவன், கனடாப் படையில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்குப் போனான். அந்தக் காலத்தில், 2006 முதல், கந்தகாரிலிருந்து திரும்பியவர்களை நேரே வீட்டுக்கு அனுப்பாமல் சில நாள் சைப்ரஸில் தங்கவைத்தார்கள். நித்திரை கொள்ள, பேச, வெயிலில் இருக்க. அங்கேயும் பாதர்மார், மனநல ஆட்கள் இருந்தார்கள்.

அம்மாவுக்கு அது கோபம். பிள்ளையை ஏன் இன்னும் வீட்டுக்கு விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று. வந்தவன் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தான். அம்மா தட்டவில்லை. அவன் போயிருந்த நேரத்தில் அந்தப் பிரிவின் பாதர் குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார், அவன் தனியே இருந்தால் விடுங்கள், சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு வையுங்கள் என்று. வேதக்காரப் பாதர் சொன்னதை எங்கள் அம்மா, கண்ணகை அம்மனுக்கு வருசம் தவறாமல் நேர்த்தி வைக்கிறவ, அப்படியே செய்தா.

அமிர்தகழியிலிருந்து:

இது வேறு காலம், வேறு படை. 1989 கடைசி மாதங்கள். அமைதி காக்க என்று வந்திருந்த இந்தியப் படை கிழக்கைக் காலி பண்ணிக்கொண்டிருந்தது. அவர்களிடமும் மதபோதகர்கள் உண்டு. படைப்பிரிவுக்கு ஏற்றபடி பண்டிட், சீக்கியருக்குக் கிரந்தி, மௌலவி, பாதிரி என்று. எங்கள் பக்கத்து முகாமில் இருந்தவர் தமிழ் பேசும் பண்டிட். போகிற கிழமை எங்கள் மாமாங்கக் கோவில் தீர்த்தத்தில் குளித்துவிட்டு, முகாமுக்குள் வைத்துக் கும்பிட்ட சாமிப் படங்களைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் அடுக்கினார். நான் எட்டத்தில் நின்று பார்த்தேன்.

அந்தப் படையைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு நினைவு. அதில் பல கசப்பானவை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இவர் என்னைக் கூப்பிட்டு, "நாங்க போன பிறகு இங்க என்ன ஆகும் தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வயது போதாது. 1990 மார்ச் 24 அன்று கடைசி ஆட்கள் திருகோணமலையில் கப்பல் ஏறினார்கள். ஜூனில் திரும்பப் போர். அந்தக் கேள்வியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

கோமாரியிலிருந்து:

திருக்கோவில் அண்ணன் எழுதியதில் ஒரு குறை சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். பாதர் எங்கள் இடத்துக்கும் வந்தார், நாளைச் சொன்னார், இனி இன்னார் தண்ணீர் தருவார் என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்று நம்பித்தான் சொன்னார். ஆனால் பொறுப்பெடுத்தவர்களின் பவுசர் (தண்ணீர் லொறி) சில கிழமை ஒழுங்காக வந்தது, பிறகு வந்தால் வரும். பெண்கள் குடத்தோடு ரோட்டில் காத்திருந்தார்கள். சொல்லிக்கொண்டு போவது நல்லது, நானும் ஏற்கிறேன். பின்னால் வருகிறவன் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

மற்றது, அந்தக் கொப்பியில் நான் அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். வாசித்தார்களா என்று உங்களுக்குத் தெரியுமா?

திருக்கோவிலிலிருந்து:

தம்பி, பவுசர் கதை நியாயம். எங்கள் பக்கமும் அப்படித்தான் நடந்தது, நான் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

வாசித்தார். 2005 உயிர்த்த ஞாயிறு மார்ச் 27. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. ஒரே ஞாயிறில் முடியவில்லையாம், அடுத்த ஞாயிறும் தொடர்ந்து வாசித்ததாக எழுதியிருந்தார். கோமாரிப் பெயர்களை எழுதியது நான் இல்லை, வேறொரு மொழிபெயர்ப்பாளர். ஆனால் எல்லாம் ஒரே கொப்பி, ஒன்றையும் விடவில்லை என்று கடிதத்தில் இருக்கிறது. அம்மாவின் பெயரைத் தனியே எனக்கு அனுப்புங்கள். அவருக்கு இன்னும் வருசத்துக்கு ஒரு தடவை எழுதுகிறேன், இந்த முறை கேட்டு எழுதுகிறேன்.