புதுப்பிப்பு: வெல்லருக்குப் பதில் எந்த போர்பன்? கிடைத்துவிட்டது

போர்பன் என்பது பெரும்பாலும் மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி, வெல்லர் அதில் ஒரு பிராண்ட். அமெரிக்காவின் லூயிவில்லில் வெல்லர் கண்ணிலேயே படுவதில்லை, இருக்கிற ஒன்றிரண்டு கடைகளிலும் விலை தலை சுற்ற வைக்கிறது, அதற்குப் பதிலாக நிம்மதியாகத் திறந்து குடிக்க எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் லார்சனி. வெல்லர் மாதிரியே இதிலும் ரை தானியத்துக்குப் பதில் கோதுமைதான், ஆல்கஹால் 46 சதவீதம். இனிப்பு சரி, ஆனால் விழுங்கியதும் சுவை ஓடிவிடுகிறது. மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த்தை (பீப்பாயிலிருந்து எடுத்து, தண்ணீர் பெரிதாகக் கலக்காமல் அடைப்பது) சொன்னவருக்குத்தான் முழு மதிப்பெண். அதுவும் கோதுமைதான். ஐஸ் போடாமல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு கொஞ்சம் பொறுத்தால் எரிச்சல் அடங்கி வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரை வாசனையும் மேலே வருகின்றன. தேடியது இதைத்தான்.

எதிர்பாராதது வேறு. கடையில் மலிவானவை இருக்கும் கீழ்த்தட்டில் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று லேபிள் இருப்பதைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1897-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி அப்படிப் போட வேண்டுமென்றால் ஒரே டிஸ்டில்லரியில் ஒரே பருவத்தில் வடித்து, அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு வைத்து, சரியாக 50 சதவீத ஆல்கஹாலில் அடைத்திருக்க வேண்டும், அதனால் மலிவு விலையிலும் ஏமாற வாய்ப்பு குறைவு. அந்த வகையில் எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் தாராளமாகக் குடிக்கலாம். ஓல்டு கிராண்ட்-டாட் பாண்டட்டில் ரை அதிகம், நாக்கில் மிளகுக் காரம். கோதுமையின் மென்மைக்கு நேர் எதிர், இருந்தும் வீட்டுக்கு வருகிற நண்பர்கள் முதலில் காலி செய்வது அதைத்தான்.

வெல்லர் லேபிள் விலைக்குக் கிடைத்தால் வாங்குவேன். ஆனால் அதற்காகக் கடை கடையாக அலைவதை நிறுத்தியாச்சு.