சீசனுக்கு முந்தைய தரவரிசையை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: மூன்றுபுள்ளி

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் நடுவில், சீசனின் முதல் ஆட்டம் நடப்பதற்கு முன்பே, ஏ.பி. செய்தி நிறுவனம் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்தில் முதல் 25 அணிகளின் பட்டியலை வெளியிடுகிறது. 2024-25 சீசனுக்கு அதில் முதலிடம் பெற்ற கான்சஸ், மார்ச் மாதம், சாம்பியனைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. தொடரின் முதல் சுற்றிலேயே ஆர்கன்சாவிடம் 79-72 என்று தோற்று, 21 வெற்றி, 13 தோல்வியோடு சீசனை முடித்துக்கொண்டது. பட்டம் வென்ற ஃபுளோரிடாவோ அதே பட்டியலில் 21ஆம் இடத்தில் இருந்த அணி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதைவிட மோசம்: முதலிடத்தில் வைக்கப்பட்ட வட கரோலினாவுக்குத் தொடரில் இடமே கிடைக்கவில்லை, பட்டியலில் இடம்பெறாத கனெக்டிகட் கோப்பையைத் தூக்கியது. சீசனுக்கு முன் முதலிடம் பெற்ற அணி கடைசியாகப் பட்டம் வென்றது 2009இல்தான். நிலைமை இப்படியிருக்க, மார்ச் மாதம் எந்த ஆட்டத்தில் யார் வெல்வார்கள் என்று கணித்து ஆட்ட அட்டவணையை நிரப்ப உட்காரும்போது இந்தப் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பதில் ஏதேனும் பயன் உண்டா, அல்லது நவம்பர் வரை ரசிகர்களைப் பேசவைப்பதற்கான விளம்பரம் மட்டும்தானா?

மறுமொழி: நடுக்கோடு

முதலிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாம்பியனோடு ஒப்பிட்டால் எந்தத் தரவரிசையும் தேறாது. 68 அணிகள் மோதும் தொடரில், ஒரே ஒரு தோல்வி கண்டாலும் வெளியேற வேண்டிய முறையில், தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்றால்தான் பட்டம் கிடைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல 80 சதவீத வாய்ப்புள்ள மிக வலுவான அணி என்று வைத்துக்கொண்டாலும், ஆறையும் வெல்லும் வாய்ப்பு 26 சதவீதத்தைத்தான் எட்டுகிறது. 2014-15இல் கென்டக்கிக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். சீசனுக்கு முன் முதலிடம் பெற்ற அந்த அணி 38 ஆட்டங்களை வரிசையாக வென்றுவிட்டு, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றது. அக்டோபரில் வாக்களித்தவர்கள் தவறாகக் கணித்தார்கள் என்று அந்த ஆண்டைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?

பட்டியலின் மேல்பகுதியை மொத்தமாகப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 2010 முதல் 2025 வரை, தொடர் ரத்தான 2020 நீங்கலாக, 15 சாம்பியன்கள். அவற்றில் ஒன்பது அணிகள் சீசனுக்கு முன் இரண்டு முதல் ஆறு வரையிலான இடங்களில் இருந்தவை. 2010இல் வென்ற டியூக் ஒன்பதாம் இடத்திலும், 2016இல் வென்ற வில்லனோவா 11ஆம் இடத்திலும் இருந்தன. உண்மையில் கணிப்புக்குத் தப்பியவை என்று நான் சொல்லக்கூடியவை நான்குதான்: 2011, 2014, 2023 ஆகிய ஆண்டுகளின் கனெக்டிகட், பிறகு நீங்கள் குறிப்பிட்ட ஃபுளோரிடா. (கனெக்டிகட்டுக்கு இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.) கல்லூரி ஆட்டத்தின் உயர்நிலைப் பிரிவான முதல் டிவிஷனில் 350க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன என்பதையும் சேர்த்து யோசித்தால், ஆட்டமே தொடங்காத நிலையில் இது குறைத்துச் சொல்லக்கூடிய கணிப்பு அன்று. அந்த ஆண்டுகளில் முதலிட அணி ஒருமுறைகூட வெல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2014இல் கென்டக்கி, 2016இல் வட கரோலினா, 2021இல் கொன்சாகா என்று மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றிருக்கிறது. வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்தில் விழாமல் போயிருந்தால், 2016 ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

மறுமொழி: பழையரசிகர்

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் 2022-23 வட கரோலினாவைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. அது வாக்களிப்பவர்களின் பழக்கத்திலேயே உள்ள கோளாறு. முந்தைய ஆண்டு அந்த அணி எட்டாம் சீடாக (தேர்வுக் குழு வலிமையைப் பார்த்துத் தரும் வரிசை எண்) தொடருக்குள் வந்து, அரையிறுதியில் டியூக்கை வீழ்த்தி, இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் கான்சஸைவிட 15 புள்ளிகள் முன்னிலை பெற்று, பிறகு 72-69 என்று தோற்றது. அந்த மூன்று வார ஆட்டம்தான் எல்லோருடைய நினைவிலும் நின்றது. அதற்கு முன் நான்கு மாதங்கள் சுமாராக ஆடியதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களில் நால்வர் திரும்பி வந்ததைப் பெரிதாகப் பேசினார்கள். வராமல் போன பிரேடி மேனெக், வெளியிலிருந்து குறிதவறாமல் எறிந்து, வளையத்தருகே ஆடும் ஆர்மாண்டோ பேகாட்டுக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தவர் என்பது நவம்பரில்தான் உறைத்தது. அலபாமாவிடம் நான்கு கூடுதல் நேரங்களுக்குப் பின் 103-101 என்று தோற்றது உட்பட அடுத்தடுத்து நான்கு தோல்விகள்; டிசம்பர் முதல் வாரத்திலேயே பட்டியலிலிருந்து பெயர் மறைந்துவிட்டது.

இன்னொன்று, 2021க்குப் பிறகு அணி மாறும் ஆட்டக்காரர் ஓர் ஆண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றானதால், பாதி அணியே புதிதாக அமைகிறது. ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்தும் வந்தவர்கள். அதே ஆண்டு கான்சஸும் பெயர் பெற்ற மூவரை வெளியிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் சேர்ந்து ஆடிப் பழகவே இல்லை. இரண்டு கலவைகளில் எது கூடிவரும் என்பதை அக்டோபரில் காகிதத்தை வைத்துக்கொண்டு சொல்வது கடினம்.

மறுமொழி: வலைக்குள்

முதல் பட்டியலின் நிழல் பிப்ரவரி வரை நீள்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் அறுபது செய்தியாளர்கள் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24 என்று இறங்குவரிசையில் வாக்களிக்கிறார்கள். வாரந்தோறும் புதிதாக எழுதாமல், போன வாரத் தாளில் தோற்ற அணியைக் கீழே தள்ளி, வென்றதை மேலே ஏற்றுவதுதான் பலரின் வழக்கம். இதனால்தான் புள்ளிவிவரத் துறையில் பெயர் பெற்ற கென் பொமராயும் நேட் சில்வரும், மார்ச் தொடரின் முடிவுகளை மதிப்பிடுவதில் கடைசிப் பட்டியலைவிட முதல் பட்டியலுக்குக் கூடுதல் மதிப்பளித்தார்கள். வெற்றி தோல்விகளின் இரைச்சல் படியாத பட்டியல் அது. ஆட்டக்காரர்களின் திறமை பற்றிய மதிப்பீடு மட்டுமே அதில் இருக்கிறது. தொடருக்கு அணிகளைத் தேர்வு செய்யும் குழு பயன்படுத்தும், ஆட்ட முடிவுகளை வைத்துக் கணக்கிடப்படும் நெட் தரவரிசையில் அக்டோபர் மதிப்பீட்டுக்கு இடமே இல்லை என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

மூன்றுபுள்ளி

மிக்க நன்றி. அப்படியானால், அக்டோபரில் உயரத்தில் இருந்து மார்ச்சில் கீழ்ச் சீடாக இறங்கிய அணியை அட்டவணையில் சற்றுத் துணிந்து முன்னேற்றலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: நடுக்கோடு

ஓரிரு சுற்றுகளுக்குத் துணியலாம், ஆனால் காரணத்தைப் பார்த்துத்தான். 2014இல் முதலிடத்திலிருந்து எட்டாம் சீடாக இறங்கிய கென்டக்கி இறுதி ஆட்டம் வரை வந்தது. 2025இல் முதலிடத்திலிருந்து ஏழாம் சீடாக இறங்கிய கான்சஸ் ஓர் ஆட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. கென்டக்கி பெரும்பாலும் முதலாமாண்டு மாணவர்கள் ஆடிய அணி, மார்ச்சுக்குள் முதிர நேரமும் வாய்ப்பும் இருந்தன. கான்சஸின் ஹன்டர் டிக்கின்சனோ கல்லூரி ஆட்டத்தில் ஐந்தாவது ஆண்டில் இருந்தவர். வயது குறைந்த அணி சறுக்கியிருந்தால் நான் இன்னும் ஒரு சுற்று கொடுப்பேன். மூத்தவர்கள் நிறைந்த அணி பிப்ரவரியிலும் தடுமாறினால் அக்டோபர் பட்டியலை மடித்து வைத்துவிடுவேன்.