கையில் இருப்பது எந்தப் பதிப்பு? ஆங்கில இலக்கியம் படிப்பவர்களை உறுத்திய இடங்கள் (மூவர் புனைபெயரில் பேசுகிறார்கள்)

ஓரக்குறிப்பு

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் பற்றித் திருத்த வந்த ஒரு கட்டுரை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நாயகன் விக்டர் மணக்கப்போகும் எலிசபெத் அவனுக்கு அத்தை மகள் என்பதுதான் அதன் அடித்தளம். சொந்தத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் குடும்பம், அந்நியருக்குக் கதவு திறக்காத வீடு, அதனால் விக்டர் படைத்த உயிருக்கும் அங்கே இடமில்லை. அருமையான வாதம். ஆனால் மேற்கோள் அத்தனையும் 1831 பதிப்பிலிருந்து. அதில் எலிசபெத் சொந்தமே கிடையாது; கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் வளரும் குழந்தையை விக்டரின் தாய் கண்டெடுக்கிறாள். அத்தை மகளாக வருவது 1818 முதல் பதிப்பில். மேரி ஷெல்லியே பின்னால் மாற்றிவிட்டார். 1831இலும் ஒருவரை ஒருவர் ‘கசின்’ என்றே கூப்பிட்டுக்கொள்வதால் மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இரண்டாம் பத்தியிலேயே கட்டுரை சரிந்துவிட்டது.

வாங்கும்போது 1818 என்று பார்த்து வாங்குங்கள். 1831இல் விதி பற்றிய பேச்சு கூடி, விக்டரின் பொறுப்பு மங்கிவிடுகிறது.

மைக்கறை

ஓரக்குறிப்பு, கடைசிப் பத்தியை ஏற்க முடியாது. கதை எப்படிப் பிறந்தது என்று மேரி ஷெல்லி தானே சொல்லும் முன்னுரை 1831இல்தான் இருக்கிறது; 1818இன் முன்னுரையை எழுதியவர் அவர் கணவர் பெர்சி. ஆசிரியரின் குரல் பற்றி எழுதுபவருக்கு 1818 மட்டும் போதாது. பாடத்திட்டத்தில் எது போட்டிருக்கிறதோ அதை வாங்கிவிட்டு, மற்றதை நூலகத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரி.

எனக்கு உறுத்தல் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன். ‘சீராக ஓடும் வாக்கியம், அமைதியான மனம்’ என்று ஒரு விடைத்தாள். இணையத்தில் கிடைத்த பாடம், அதாவது கவிதை வாசகம், 1890ஆம் ஆண்டுத் தொகுப்பு வழி வந்தது. அந்தத் தொகுப்பாளர்கள் அவர் வரிகளுக்கு இடையே போட்ட கோடுகளை (டேஷ்) எடுத்துவிட்டுக் காற்புள்ளி வைத்தார்கள், தலைப்பும் கொடுத்தார்கள், சில இடங்களில் சொல்லையே மாற்றினார்கள். காப்புரிமை தீர்ந்தது என்பதால் இலவசமாக உலவுவது பெரும்பாலும் அதுதான். கோடுகளோடு படிக்க 1955இன் ஜான்சன் பதிப்பு அல்லது 1998இன் ஃபிராங்க்ளின் பதிப்பு வேண்டும். கவிதைக்குத் தலைப்பு இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அசைபிரிப்பு

பதிப்புச் சண்டையிலேயே நின்றுவிட்டால் முதலாண்டுப் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். மதிப்பெண் போவது வரியைப் படிக்கத் தெரியாததால். எனக்குள் நிற்பது ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தின் கடைசிக் காட்சி: மகளின் உடல் முன்னால், ‘ஒருபோதும் இல்லை’ என்ற ஒரே சொல் ஐந்து முறை, ‘நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்’. இதற்கு ‘சோகத்தை வலியுறுத்துகிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள்.

எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து ஒவ்வொரு அசைக்கு மேலும் அழுத்தம் உண்டா இல்லையா என்று குறியிடுங்கள். குறில் நெடில் பார்க்கும் பழக்கத்தில் நீளத்தை எண்ணிவிடுவார்கள்; இங்கே எண்ண வேண்டியது அழுத்தத்தை. நாடகத்தின் வழக்கமான செய்யுள் அடி ஐயாம்பிக் பென்டாமீட்டர்: தளர்ந்த அசை, அழுந்திய அசை, இப்படி ஐந்து சீர். இந்த வரியில் ஐந்து சீரும் தலைகீழ், எல்லாம் ட்ரோக்கி, அதாவது அழுந்திய அசை முதலில், தளர்ந்தது அடுத்து. ஒரு சீர் புரள்வது சாதாரணம், வரியின் தொடக்கத்தில் அடிக்கடி வரும். ஐந்தும் புரள்வது அபூர்வம். நாடகம் முழுக்கக் காதில் ஓடிய நடை அந்த இடத்தில் உடைகிறது. இதை எழுதினால் அது விடை. பதினான்கு வரிச் சானட்டுக்கும் இதே வேலைதான்: பெட்ரார்க் (இத்தாலிய) வகையில் ஒன்பதாம் வரியில் திருப்பம் தேடுங்கள், ஷேக்ஸ்பியர் வகையில் கடைசி இரண்டு வரியையும் சேர்த்துப் பாருங்கள். உருவகத்தைப் பட்டியல் போடாதீர்கள். ஒன்றை எடுத்து, அது எந்த வரியில் பொய்த்துப்போகிறது என்று காட்டுங்கள்.

மைக்கறை

அசைபிரிப்பு, உங்கள் அலகிடல் சரி. ஆனால் அந்த ஐந்து ‘நெவர்’ 1623 ஃபோலியோவில் (பெரிய அளவில் அச்சான நாடகத் தொகுப்பு) இருப்பது. 1608 குவார்ட்டோவில் (சிறிய அளவில் அச்சான தனி நாடக நூல்) மூன்றுதான். அங்கே வரியின் அமைப்பே வேறு, உங்கள் ஐந்து ட்ரோக்கி கிடையாது. பதிப்பை விட்டுவிட்டு வரியைப் பார்க்க முடியாது என்பதற்கு நீங்களே உதாரணம் கொடுத்துவிட்டீர்கள்.

வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. குவார்ட்டோவில் ஏறக்குறைய 300 வரி கூடுதல். ஃபோலியோவில் மட்டும் இருப்பது ஏறக்குறைய 100. மகள்கள் எதிரில் இருப்பதாக எண்ணி லியர் விசாரிக்கும் கற்பனை வழக்குக் காட்சி ஃபோலியோவில் இல்லை. நாடகத்தின் கடைசி வரிகள் குவார்ட்டோவில் லியரின் மருமகன் ஆல்பனி வாயில், ஃபோலியோவில் குளோஸ்டர் பிரபுவின் மகன் எட்கர் வாயில். ஆட்சி யார் கையில் போகிறது என்று எழுதப்போகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் என்ன செய்வது? இரண்டையும் கலந்து ஒன்றாக்கிய பாடத்தைத்தான் நெடுங்காலம் எல்லோரும் படித்தார்கள். 1986இன் ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பு இரண்டையும் தனித்தனி நாடகமாக அச்சிட்டது.

அசைபிரிப்பு

மூன்று ‘நெவர்’ என்பதை ஏற்கிறேன். ஆனால் ஐந்தும் மூன்றும் வேறு என்று காட்டவே அலகிடத் தெரிய வேண்டும்.

ஓரக்குறிப்பு

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒன்று. முன்னுரைக்கு அடுத்து ‘பாடம் பற்றிய குறிப்பு’ என்று இரண்டு மூன்று பக்கம் இருக்கும். எதை அடிப்படையாக வைத்தார்கள் என்று அதில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கமே இல்லாத புத்தகத்திலிருந்து மேற்கோள் எடுக்காதீர்கள். கட்டுரையில் முதல் மேற்கோளுக்கு அடிக்குறிப்பு போடும்போதே பதிப்பாசிரியர் பெயர், ஆண்டு, ‘ஃபோலியோ பாடம்’ அல்லது ‘1818 பாடம்’ என்று சேர்த்துவிடுங்கள். நாடகத்துக்குப் பக்க எண் வேண்டாம். அங்கம், காட்சி, வரி எண் கொடுங்கள். அந்த வரி எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு நகரும்.