பொழுதுபட்டால் எஸ்டபிள்யூஆர் ஏறுகிறது: கடலோர ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் உதவுங்கோ

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு. வாடைக்காற்று தொடங்கியதிலிருந்து என் 20 மீட்டர் அலைவரிசை டைபோலில் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) ஒரே கரைச்சல். பகலில் 14.200 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பவரை ஏற்காமல் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு; 1 என்றால் திரும்புவதே இல்லை) 1.3. பொழுதுபட்டுப் பனி இறங்கினதும் 3-ஐத் தாண்டுகிறது, ரேடியோ தானாகவே பவரைக் குறைத்துவிடுகிறது. ஐரோப்பா திறக்கிறதும், அதாவது அங்கே அலை எட்டத் தொடங்குகிறதும், அந்த நேரம்தான்! இத்தாலிக்காரர் கூப்பிடுவது துல்லியமாகக் கேட்கிறது, என் பதில்தான் போய்ச் சேருவதில்லை.

ரேடியோ ஐகாம் ஐசி-7300. ஆன்டெனா தலைகீழ் வி, நடுப்பகுதி 9 மீட்டர் உயரத்தில், 1:1 பேலன் (கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்தும் இணைப்பான்), ஆர்ஜி-58 கேபிள். இரவில் கேபிளின் மேல் நுனியில் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் போடும் மின்தடை) போட்டுப் பார்த்தேன்: எஸ்டபிள்யூஆர் 1.1. ஆகவே கேபிளும் ரேடியோவும் சரி. பேலனையும் மாற்றியாச்சு, பலன் இல்லை. அப்புறம் கம்பியின் இரு நுனி இன்சுலேட்டர்களையும் இறக்கினால், விரலால் வழித்தெடுக்கலாம் போல உப்பு. நல்ல தண்ணீரில் கழுவினால் சில நாள் ஒழுங்காக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். இன்சுலேட்டர் பிவிசி குழாயில் வெட்டிய இரண்டு விரல் நீளத் துண்டு, கட்டியிருப்பது நைலோன் கயிறு. நுனியில்தானே வோல்டேஜ் அதிகம், அதனால் என் சந்தேகமும் அங்கேதான்.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் நுனி இன்சுலேட்டருக்கு என்ன பாவிக்கிறீர்கள், எவ்வளவு நீளத்தில்?