மறு: குருத்துவமா, ஆசாரியத்துவமா? (சமயக் கலைச்சொல் இழை)

அன்புள்ள நண்பர்களுக்கு,

பலியிட்டு வழிபாடு நடத்துபவரை எபிரேயத்தில் கொஹேன் என்கிறார்கள், ஆங்கிலத்தில் பிரீஸ்ட் (priest). அவருக்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இதுவரை வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> யூதர்களுக்குப் 'பரம்பரைப் பூசகர்', கிறித்தவர்களுக்குக் 'குருவானவர்' என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியாது. பூசகரில் எனக்குப் பெரிய தடையில்லை, 'பரம்பரை'தான் உதைக்கிறது. எபிரேயத்தில் கொஹேன் என்ற சொல் மோசேயின் அண்ணனும் முதல் தலைமைக் குருவுமான ஆரோனின் வம்சத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. ஆரோன் பிறப்பதற்கு வெகு முன்பே, விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் 14இல் சாலேமின் அரசன் மெல்கிசேதேக் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிராமை வாழ்த்துகிறார். அவர் ஒரு கொஹேன். யோசேப்பின் மாமனார், எகிப்தில் ஓன் நகரத்துப் போத்திபிராவும் கொஹேன். மோசேயின் மாமனார், மீதியானின் எத்திரோவும் கொஹேன். அவ்வளவு ஏன், பாகால் என்ற கானானியத் தெய்வத்துக்குப் பணிவிடை செய்தவர்களுக்கும் அதே சொல்தான். அடிச்சொல் பொதுவானது, வம்சம் அதன்மேல் பிறகு வந்து ஏறியது.

ஏறியது லேசில் இறங்கவுமில்லை. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்ததோடு பலி நின்றது. செய்வதற்குப் பலியில்லை, நிற்பதற்குப் பீடமில்லை. ஆனாலும் தகப்பன் கொஹேன் என்றால் மகனும் கொஹேன். தொழுகைக் கூடத்தில் தோரா (மோசேயின் ஐந்நூல்) வாசிக்க முதலில் அவரைத்தான் அழைப்பார்கள். மரபு வழுவாத கொஹேன் மணமுறிவு பெற்ற பெண்ணை மணப்பதில்லை. நெருங்கிய உறவின் சாவு தவிர வேறு சாவுக்குக் கல்லறைப் பக்கம் போவதுமில்லை. ஆசி கூறும் நேரத்தில் காலணியைக் கழற்றுகிறார், லேவியர் (ஆலயப் பணிக்கான லேவி கோத்திரத்தார்) அவர் கையில் தண்ணீர் ஊற்றுகிறார், தொழுகைச் சால்வையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்துக்கொண்டு, விரல்களை இடைவெளி விட்டு விரித்து நீட்டுகிறார். ஒருவர் சொல் சொல்லாக எடுத்துக் கொடுக்க, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசி அந்தச் சால்வைக்குள்ளிருந்து வருகிறது. இவர் ரபி அல்ல. ரபி சமயச் சட்டம் படித்து ஆனவர். ரபியின் மகன் படிக்காவிட்டால் ரபி இல்லை. இந்த இருவரையும் 'யூத மதகுரு' என்று ஒரே கூடையில் போடுவதை நம் நாளிதழ்கள் நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

> குரு என்றாலும் ஆசாரியன் என்றாலும் கற்பிப்பவர். பலியிடுபவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. கத்தோலிக்கர் குரு என்றார்கள், சீர்திருத்தச் சபையார் ஆசாரியன் என்றார்கள். இரண்டுமே ஆசிரியரைக் குறிக்கும் சொற்கள்தான். ஆனால் சிவன் கோயில் குருக்கள் யாருக்குப் பாடம் நடத்துகிறார்? கருவறையில் நின்று பூசை செய்கிறார், அதுவும் வம்ச உரிமையோடு. தமிழில் இந்தப் பொருள் எப்போதோ நகர்ந்துவிட்டது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி மல்கியாவும் கொஹேனுடைய உதடுகள் அறிவைக் காக்க வேண்டும் என்கிறார், ஆக கற்பித்தல் அவர்களுக்கு அந்நியமும் அல்ல. ஆசாரியன் என்ற சொல்லில் ஒரு தனிச் சிக்கல்: வைணவர்களுக்கு அது முழுக்க வேறு உலகம், தெருவிலோ ஆசாரி என்றால் தச்சுவேலை. பொதுக் கலைச்சொல்லாகக் குரு போதும். பழைய மொழிபெயர்ப்பை மேற்கோள் காட்டும்போது மட்டும் ஆசாரியன் இருக்கட்டும்.

கொஹேன் என்றே ஒலிபெயர்த்துவிடலாம் என்றவருக்கு: விளக்கக் கட்டுரையில் சரி. அகராதித் தலைச்சொல்லாக வைத்தால் நாலு பேர் அதைக் கோகேய்ன் என்றுதான் படிப்பார்கள்.

> ஆங்கிலத்தில் எல்லாமே பிரீஸ்ட் தானே?

அங்கேதான் வினையே. ஆங்கிலச் சொல் பிறந்தது கிரேக்க பிரெஸ்பிதெரோஸிலிருந்து. அதன் பொருள் மூப்பர். பலியிடுபவருக்குக் கிரேக்கத்தில் வேறு சொல், ஹியெரேயுஸ். புதிய ஏற்பாடு அதை ஆலயத்தில் பணிசெய்தவர்களுக்கும் கிறிஸ்துவுக்கும் நம்பிக்கையாளர் அனைவருக்கும் சொல்கிறது. சபையை நடத்தியவர்களை அந்தச் சொல்லால் எங்கும் அழைக்கவில்லை. அவர்கள் மூப்பர்கள், கண்காணிகள். பிற்காலத்தில் நற்கருணையை (அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கை) பலியாகக் கண்ட சபைகளில் மூப்பரே குருவாகவும் ஆனார். இதில்தான் சண்டை. நற்கருணைப் பலி நிறைவேற்றத் தனிக் குருத்துவம் உண்டு என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. சீர்திருத்தச் சபைகளுக்கு வித்திட்ட மார்ட்டின் லூதர் 1520இல் திருமுழுக்குப் பெற்ற எல்லோரும் குருக்களே என்றார். கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஏடு நம்பிக்கையாளர் எல்லோருக்கும் உரிய பொதுக் குருத்துவத்தையும், அருள்பொழிவு பெற்றவர்களுக்கே உரிய பணிக் குருத்துவத்தையும் ஏற்று, அவை அளவில் மட்டுமல்ல, இயல்பிலேயே வேறு என்கிறது. இந்த வாதத்தைத் தமிழில் எழுத வேண்டுமானால் மூப்பரையும் குருவையும் கலக்கவே கூடாது. கலந்தால் யார் எதை மறுக்கிறார்கள் என்றே புரியாது.

புதிய ஏற்பாட்டின் எபிரேயர் நிருபத்தைப் பாருங்கள். இயேசு யூதா கோத்திரம், லேவி கோத்திரம் அல்ல. ஆரோன் சட்டப்படி அவருக்குப் பீடத்தில் இடமே இல்லை. அதனால்தான் நிருபக்காரர் வம்ச வரலாறு சொல்லப்படாத மெல்கிசேதேக்கைத் தேடிப் பிடிக்கிறார். 'பரம்பரைப் பூசகர்' என்பதை அடிச்சொல்லாக வைத்துவிட்டு இந்த ஏழாம் அதிகாரத்தை மொழிபெயர்த்துக் காட்டுங்கள் பார்ப்போம்!

என் முன்மொழிவு: அடிச்சொல் குரு. வம்சம் தேவைப்படும் இடத்தில் 'ஆரோன் வழிக் குரு'. யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளில் ஆண்டுக்கொரு முறை ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள் நுழைந்தவர் தலைமைக் குரு. லேவியரும் ரபியும் அப்படியே. பிரெஸ்பிதெரோஸுக்கு மூப்பர். பிரீஸ்ட்ஹுட் என்பதற்கு இரண்டு சொல் வேண்டும்: நிலையைச் சொன்னால் குருத்துவம், ஆட்களைச் சொன்னால் குருக்கள் கூட்டம். 1 பேதுரு 2:9 சொல்வது ஆட்களை. பழைய மொழிபெயர்ப்பிலும் அது 'ஆசாரியக்கூட்டம்' தான், அவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

'ஆயர்' மட்டும் வேண்டாம். கத்தோலிக்கருக்கு அது பிஷப்; 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப் பேராயர், சபைப் போதகரை ஆயர் என்பாரும் உண்டு. கத்தோலிக்கர் பேராயர் என்றாலோ ஆர்ச்பிஷப். இதற்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே இழுத்தால் ஊர் கூடிவிடும்.

'ஆரோன் வழிக் குரு' நீளம் என்று சொல்பவர்கள் இதைவிடக் குட்டையான ஒன்றைத் தாருங்கள். 'ஆரோனியர்' எனக்கும் தோன்றியது. பணி அதில் விழுந்துவிடுகிறது என்பதால் விட்டுவிட்டேன்.