கேம்பாய் அட்வான்ஸ்: புதிய திசைப் பொத்தான் போட்ட பிறகு இடது அழுத்தினால் கீழேயும் போகிறது

கிராணி_சிப்புட்:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை. செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) கணக்கை மூடிவிட்டு வந்தால் எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் டெட்ரிஸ்.

என்னிடம் இருப்பது 2001இல் வந்த முதல் கேம்பாய் அட்வான்ஸ், நிண்டெண்டோவின் கையடக்க கேம் கருவி. படுக்கை வசத்தில் இருக்குமே, அதுதான். ஊதா நிறம். திரையில் விளக்கு கிடையாது, அதனால் வாசல் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் ஆட்டம். கொசு தனிக் கணக்கு.

பழைய திசைப் பொத்தானில் இடது பக்கம் மட்டும் நகத்தை வைத்து அழுத்தினால்தான் கேட்டது. சம்பளம் வந்ததும் ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன்: கண்ணாடிச் சிவப்புப் பொத்தான்கள், அதற்கான ரப்பர்கள், மூன்று முனை ஸ்குரூடிரைவர். பின்பக்கம் ஆறு மூன்று முனை ஸ்குரூ, பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண ஸ்டார் ஸ்குரூ ஒன்று. எல்லாம் கழற்றி, புதிய பொத்தானும் ரப்பரும் போட்டு மூடினேன். உறை பழையதேதான். ஊதாவில் சிவப்பு, பார்க்கக் கோயில் தேர் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நான்கு திசையும் தொட்டாலே வேலை செய்கிறது. ஆனால் கட்டையை இடது பக்கம் நகர்த்தினால் கூடவே கீழேயும் சர்ரென்று இறங்கி, வேண்டாத இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வலது பக்கம் அவ்வளவு மோசமில்லை. போர்டு போய்விட்டதா? இல்லை வேறு பொத்தான் வாங்க வேண்டுமா? பழைய சாமான் எல்லாம் மைலோ டின்னில் பத்திரமாக இருக்கிறது.

தைப்பிங்_மீட்டர்:

தம்பி, போர்டைத் திட்டாதே. நான்கு திசையும் கேட்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு வந்திருப்பது கேட்காமலே மூலை (பக்கத்துப் பக்கத்து இரண்டு திசை ஒன்றாகப் பதிவாவது) விழுகிற வியாதி. மலிவு செட் போட்டவர் பாதிப்பேருக்கு வரும்.

சிவப்புப் பொத்தானைத் திருப்பிப் பார். நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பொத்தான் மொத்தமும் அதன்மேல்தான் ஊன்றி ஆடுகிறது. 1982இல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய், 'டாங்கி காங்' கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க கேமுக்குக் குறுக்குப் பொத்தானை (இந்தச் சிலுவை வடிவத் திசைப் பொத்தான்தான்) வடிவமைத்த காலத்திலிருந்து சங்கதி இதுதான்: ஒரு கை இறங்கினால் எதிர்க்கை எழும்பும், அதனால் இடதும் வலதும் ஒன்றாக அமுங்காது. ஆனால் பக்கத்துக் கை? அது சும்மா நடுவில் நிற்கிறது. கட்டைவிரல் கொஞ்சம் சாய்ந்தாலும் அதுவும் கொஞ்சம் இறங்கும். குமிழ் சரியான உயரத்தில் இருந்தால், ரப்பரும் சரியான விறைப்பில் இருந்தால், அந்தக் கொஞ்சம் போர்டைத் தொடாது. குமிழ் மயிரிழை குட்டையானாலோ ரப்பர் மெத்தென்று இருந்தாலோ தொட்டுவிடும். 'தொட்டாலே வேலை செய்கிறது' என்று சந்தோஷப்பட்டாயே, நோயே அதுதான்.

ரப்பருக்கு அடியில் கருப்பு வட்டங்கள் நான்கு இருக்கும், கார்பன். அது போர்டில் உள்ள இரண்டு கோடுகளையும் இணைத்தால் திசை பதிவாகும். (ரப்பர் என்றதும் நம் பால் மரத்தை நினைக்காதே, இது சிலிக்கோன்.) உன் பழைய பொத்தானில் இடது கேட்காமல் போனதற்கும் அந்தக் கார்பனிலோ போர்டுக் கோட்டிலோ படிந்த அழுக்குதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

காப்டன் டேப் என்று தேன் நிறத்தில் ஒன்று வரும். கைப்பேசி ரிப்பேர் கடையில் கேட்டால் ஒரு துண்டு கொடுப்பார்கள். குமிழின் நுனி அளவுக்கு வெட்டி ஒட்டு, மூடு, ஆடிப் பார். போதாவிட்டால் இன்னொரு அடுக்கு. ஒரேயடியாக மூன்று நான்கு ஒட்டாதே, குமிழ் உயர்ந்தால் பொத்தான் கல் மாதிரி ஆகிவிடும்.

கோலகங்சார்_அக்கா:

மீட்டர் அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. டேப்புக்கு முன்னால் ரப்பரை மாற்றட்டுமே? பழைய ரப்பர் மைலோ டின்னில் இருக்கிறதே!

தம்பி, பழைய ரப்பரை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சால் கருப்பு வட்டங்களை மெதுவாக ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, கார்பன் உரிந்து வரும். போர்டில் உள்ள கோடுகளைக் கொஞ்சம் தாராளமாகத் துடைக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு பழைய ரப்பர், புதிய சிவப்புப் பொத்தான் என்று சேர்த்துப் போடுங்கள். என் மகனுடைய டிஎஸ் லைட் கேம் கருவியில் அதைத்தான் செய்தேன், டேப் தேவைப்படவே இல்லை. செட்டில் வருகிற ரப்பரை நான் நம்புவதே இல்லை. பொத்தான் அழகுக்கு, ரப்பர் வேலைக்கு.

திறக்கும்போது பேட்டரியையும் கேம் அட்டையையும் முதலில் எடுத்துவிடுங்கள். திரை ரிப்பனைக் கழற்ற நேர்ந்தால் இரண்டு பக்கத் தாழையும் ஒன்றாக மெதுவாக விலக்குங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் தாழ் ஒடியும், அப்புறம் பொத்தான் கவலையே இருக்காது.

பிறை_பிளேயர்:

எதுக்கு அண்ணே இவ்வளவு பாடு? ஸ்விட்ச் லைட் வாங்கிடுங்க, 2019லேயே நல்ல குறுக்குப் பொத்தானோட வந்திடுச்சு. பெரிய ஸ்விட்சுலதான் இடது ஜாய்கான்ல (பக்கத்துல கழட்டி எடுக்குற கன்ட்ரோலர்) நாலும் தனித்தனி. அதுக்கும் குறுக்குப் பொத்தான் வெச்ச உறை ஆன்லைன்ல கிடைக்குது, போடலாமா?

தைப்பிங்_மீட்டர்:

ஜாய்கானில் நாலு தனிப் பொத்தான் வைத்ததே, அதைக் கிடைமட்டமாகத் திருப்பி இன்னொருவர் கையில் கொடுத்து விளையாடத்தான். குறுக்குப் பொத்தான் போட்டால் அந்த வசதியில் கை வைக்கிறாய். தனியாக விளையாடுகிறவன் என்றால் போடு. மிச்சத்தைத் தனியாகக் கேள், இங்கே கிராணி தம்பியின் கட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அக்கா சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ரப்பர் முதலில். ஆனால் பழைய ரப்பர் போட்டும் சரியாகாவிட்டால் பழைய பிளாஸ்டிக்குக்கே திரும்பு என்று யாராவது சொல்ல வருவார்கள், கேட்காதே. சிவப்பு வேண்டும் என்றுதானே காசு கொடுத்தாய்? டேப் போடு.

இன்னொன்று. டெட்ரிஸை மட்டும் வைத்துச் சோதிக்காதே. அதில் மூலை வேண்டவே வேண்டாம், அதனால் டேப் அதிகமானாலும் உனக்குத் தெரியாது. சண்டை கேம் ஏதாவது இருந்தால் போட்டு, கீழ், கீழ்-முன், முன், கூடவே குத்து என்று நெருப்புப் பந்து விட்டுப் பார். கேட்கும்போது மூலை வர வேண்டும், கேட்காதபோது வரக் கூடாது.

கிராணி_சிப்புட்:

அக்காவுக்கும் மீட்டர் அண்ணனுக்கும் நன்றி. பழைய ரப்பரைத் துடைத்தபோது பஞ்சு டீத்தூள் நிறத்துக்கு வந்தது. இடது ஏன் கேட்கவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

பழைய ரப்பரும் சிவப்புப் பொத்தானும் சேர்ந்ததும் கட்டை கீழே இறங்குவது பெரும்பாலும் நின்றுவிட்டது. அவசரமாக இடது இடது என்று தட்டும்போது மட்டும் எப்போதாவது நழுவியது. ஈப்போ போன நண்பனிடம் சொல்லிக் காப்டன் டேப் வரவழைத்து, குமிழில் ஒரே அடுக்கு ஒட்டினேன். இப்போது அதுவும் இல்லை. என் தம்பியின் சண்டை கேமில் நெருப்புப் பந்து இரண்டு பக்கமும் போகிறது, வலது பக்கம் பார்த்து நிற்கும்போது கொஞ்சம் அழுத்திச் சுற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சந்தேகம். ஏ, பி பொத்தான்களுக்குச் செட்டில் வந்த புதிய ரப்பரே இன்னும் உள்ளே இருக்கிறது. அழுத்த மெத்தென்று, நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் பழையதாக மாற்ற வேண்டுமா?

கோலகங்சார்_அக்கா:

வேண்டாம், விடுங்கள். ஏ, பிக்கு மூலை கிடையாது. பழையதைத் துடைத்து மைலோ டின்னிலேயே வையுங்கள். வலது பக்கம் கனமாக இருந்தால் டேப்பைப் பிரித்துப் பாருங்கள், நடுவில் ஒட்டாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும்.